நாபோத்தின் தோட்டமும் இளங்கோ தெருவும்

எங்கள் பங்கில் எழுபது வயதைக் கடந்த தாய் ஒருவர் இருக்கிறார். ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்த பின்னும் கெபிக்கு எதிரேயுள்ள வேப்பமரத்தடியில் அமர்ந்திருப்பார். யாரேனும் அருகே சென்று அமர்ந்தால் போதும். ஒரு தெருவைச் சொல்லத் தொடங்கிவிடுவார். "மொத வூடு இஸ்திரிக்காரரு வூடு. அடுத்தது இட்டிலி ஆயா. அதுக்கடுத்தது கார்ப்பரேசன்ல கூட்டுற வேல பார்த்தவரு. மூணும் பொட்டப்புள்ளைங்க, மூணையும் படிக்க வச்சாரு..." இப்படியே ஒரு பக்கம் முழுவதும் சொல்லி, கோடியிலிருக்கும் அடிகுழாயைச் சுற்றிக்கொண்டு, மறுபக்கமாகத் திரும்பி வருவார். மன்றாட்டுமாலை சொல்வது போலிருக்கும். நடுவில் எவரேனும் குறுக்கிட்டால் விட்ட வீட்டிலிருந்து தொடரமாட்டார். மீண்டும் இஸ்திரிக்காரரிடமிருந்தே தொடங்குவார்.

அவர் சொல்லும் வீடுகள் இன்று இல்லை. சென்னை இராஜா அண்ணாமலைபுரத்தில், பக்கிங்காம் கால்வாயின் கரையில், கோவிந்தசாமி நகர் இளங்கோ தெருவில் அவை இருந்தன. 2022ஆம் ஆண்டு ஏப்ரல் மாத இறுதியில் இயந்திரங்கள் அங்கே வந்தன. 259 வீடுகளை அகற்ற வேண்டும் என்பது ஏற்பாடு. மே 9ஆம் நாள் பணி நிறுத்தப்படுவதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகள் தரைமட்டமாகியிருந்தன. இந்தத் தாய் தம் பத்தொன்பதாம் வயதில், கொத்தனாரான கணவரின் பின்னே, நம் ஊரிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு பட்டணம் போனவர். சித்தாள் வேலை பார்த்தார். பின்னர் மந்தைவெளியில் ஐந்தாறு வீடுகளில் பாத்திரம் துலக்கினார். கணவரை அங்கேதான் அடக்கம் செய்தார். வீடு போன பிறகு மகன் வேறொரு வாடகை இடம் தேடிப் போனான். முழங்கால் ஒத்துழைக்காத தாய், தம்பி மகன் வீட்டுக்குத் திரும்பி வந்தார். வானம் பார்த்த பூமியான நம் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்தில் இப்படிப் பட்டணம் போய் வீடு கட்டிக் கொடுத்தவர்கள் இல்லாத ஊர் ஏது?

சில மாதங்களுக்கு முன் அந்த வேப்பமரத்தடியில் நம் பங்குப் பேரவை உறுப்பினர் ஒருவரும் இருந்தார். நல்லவர், ஓய்வு பெற்ற அலுவலர், வின்சென்ட் தே பவுல் சபைக்குக் கணக்குப் பார்க்காமல் கொடுப்பவர். தெருக்கதையைக் கேட்டுவிட்டு என்னோடு அறைவீடு வரை நடந்து வந்தவர் சொன்னார்: "பாவந்தான் சாமி. ஆனா அது புறம்போக்கு. நீதிமன்றமே சொல்லிருச்சு. ஆக்கிரமிப்பு பண்ணிட்டு, எடுக்கும்போது அழுதா எப்படி? சும்மாவும் அனுப்பலையே, வேற எடத்துல வீடு கொடுத்துத்தானே அனுப்புறாங்க?"

அன்று நான் மறுமொழி சொல்லவில்லை. திருமணப் பதிவு ஒன்று காத்திருந்தது என்பது ஒரு காரணம். மறுமொழி நீளமானது என்பது உண்மையான காரணம். அதை இங்கே எழுதுகிறேன். அவர் ஒருவருக்கு மட்டும் எழுதவில்லை. இந்த இதழை வாசிக்கும் நம்மில் பெரும்பாலோர் அவர் சொன்னதையேதான் எண்ணுகிறோம். நானும் நெடுங்காலம் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

முதலில் 'ஆக்கிரமிப்பு' என்னும் அந்தச் சொல்லை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு உரியதை மற்றவர் வலிந்து கைக்கொள்வது என்பது அதன் பொருள். பக்கிங்காம் கால்வாய் யாருக்கு உரியது? சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி, ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் நீளம், 1877-78இல் வெட்டப்பட்டது. அது தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தை வாரிக்கொண்டு போன காலம். பஞ்ச நிவாரண வேலையாக, ஒருவேளைக் கஞ்சிக்குரிய கூலிக்காக, எலும்பும் தோலுமாய் நின்ற மக்கள் மண்சுமந்து தோண்டியது அது. அப்போது ஆளுநராயிருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் அதற்கு இடப்பட்டது. வெட்டியவர்களின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. பசித்தவர் வெட்டிய கால்வாயின் கரையில் பிற்காலத்தில் பசித்தவர் வந்து குடிசை போட்டார்கள். இதைத்தான் நாம் ஆக்கிரமிப்பு என்கிறோம்.

இறையியல் மாணவனாகப் பூவிருந்தவல்லியில் இருந்த 1990களின் இறுதியில் வார இறுதிப் பணிக்காக மந்தைவெளிப் பக்கம் போய்வந்திருக்கிறேன். கால்வாய்க் கரைத் தெருக்களில் சிறுவர்களைக் கூட்டி மறைக்கல்வி சொல்லுவோம். மறைக்கல்விக்கு வந்தவர்களைவிட நாங்கள் கொண்டு போகும் கேரம் பலகைக்கு வந்தவர்களே அதிகம். கரையில் நின்று பார்த்தால் கால்வாய்க்குள்ளேயே பெரும் பெரும் காங்கிரீட் தூண்கள் எழுந்துகொண்டிருந்தன. பறக்கும் இரயிலுக்கான தூண்கள் அவை. கடற்கரையிலிருந்து மயிலாப்பூர் வரை 1997இல் வந்திருந்த பாதை, 2004இல் மந்தைவெளி, கிரீன்வேஸ் சாலை வழியே திருவான்மியூரைத் தொட்டது. நீரோட்டத்தின் நடுவில் தூண்களும் நிலையங்களும் நிற்கின்றன என்று சூழலியலார் அன்றிலிருந்து இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் தூண்களை எவரும் ஆக்கிரமிப்பு என்று எழுதியதில்லை. அதற்குப் பெயர் வளர்ச்சி. கரையோரம் தகரம் வேய்ந்த பத்தடி வீட்டுக்குத்தான் ஆக்கிரமிப்பு என்று பெயர்.

இரயில் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதில் ஏறிப் பயணித்தவன் நான். ஒரே நீர்நிலைக்கு இரண்டு அளவுகோல் ஏன் என்றே கேட்கிறேன். மாம்பலம் ஏரியைத் தூர்த்து 1920களில் தியாகராய நகர் உருவானது. மேற்கு மாம்பலத்தில் இன்றும் லேக் வியூ சாலை இருக்கிறது. எந்த மாடியில் ஏறி நின்றாலும் ஏரியைக் காண முடியாது. நுங்கம்பாக்கத்தில் லேக் ஏரியா இருக்கிறது, ஏரி இல்லை. அங்கே வாழ்வோரை எவரும் ஆக்கிரமிப்பாளர் என்பதில்லை, ஏனென்றால் அவர்களிடம் பட்டா இருக்கிறது. அரசு வரைபடம் போட்டுத் தூர்த்தால் அது நகரமைப்பு. ஏழை தன் கையால் மண்ணள்ளிப் போட்டால் அது குற்றம்.

இதனினும் கசப்பான செய்தி ஒன்றுண்டு. நீர்வழிக் கரைகளிலிருந்து அகற்றப்பட்ட மக்களை எங்கே கொண்டுபோய் வைத்தார்கள்? 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகர், பின்னர் செம்மஞ்சேரி, பின்னர் பெரும்பாக்கம். செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் நீர்வரத்துப் பரப்பில் அமைந்தவை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்தக் குடியிருப்புகளைத் தண்ணீர் சூழ்ந்தது. கால்வாயோரம் இருந்தால் வெள்ளம் வரும் என்று சொல்லித் தூக்கியவர்களைச் சதுப்பில் இறக்கி வைத்தோம். அதே பள்ளிக்கரணை 2022இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ்ப் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. ஆக, ஒருநாள் அங்கேயும் இவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள் ஆகக்கூடும்!

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கால்வாய்க் கரை வாழ்வு இனிமையானதன்று. வெள்ளத்தில் கட்டிலுக்குமேல் கட்டில் போட்டுக் குழந்தைகளைத் தூக்கிவைத்த இரவுகளை அந்தத் தாயே சொல்லியிருக்கிறார். பெருச்சாளி கடித்த குழந்தையின் காலை நானே பார்த்திருக்கிறேன். ஒதுக்கீட்டு வீட்டை விற்றுவிட்டுத் திரும்ப வந்தவர்களும் உண்டு. ஏன் திரும்பி வந்தார்கள் என்று கேட்காமல், "பார்த்தீர்களா, பேராசை" என்று முடித்துவிடுகிறவர்களோடுதான் எனக்கு வழக்கு.

அடுத்து, சட்டம். 1970இல் குடிசை மாற்று வாரியத்தைத் தமிழக அரசு தொடங்கியபோது, "ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்" என்பதை அதன் முழக்கமாகக் கொண்டது. நம் மறையுரைகளில் பலவற்றைவிட அது நற்செய்திக்கு நெருக்கமான வாசகம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. 1971ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு பகுதியைக் குடிசைப் பகுதி என்று அறிவித்தால் அதன் மக்களுக்குச் சில பாதுகாப்புகளைத் தந்தது. முடிந்தவரை இருக்கும் இடத்திலேயே மேம்படுத்த வேண்டும் என்பதே தொடக்ககால நோக்கம். அந்த 1971இல் சென்னையில் 1,202 பகுதிகள் அறிவிக்கப்பட்டன. 1985இல் மேலும் 17. அதன்பின் ஒன்றுகூட இல்லை! நகரம் பெருகிற்று, ஏழைகள் பெருகினார்கள், பட்டியல் நின்றுவிட்டது. பட்டியலில் இல்லாத தெரு எத்தனை தலைமுறை கடந்தாலும் புறம்போக்கு. குடும்ப அட்டை உண்டு, வாக்காளர் அட்டை உண்டு, மின் இணைப்பு உண்டு. ஐந்தாண்டுக்கு ஒருமுறை கைகூப்பி வருவோரும் உண்டு. தெரு மட்டும் கணக்கில் இல்லை. வாரியத்தின் பெயரிலிருந்து 'குடிசை' என்னும் சொல்லை 2021இல் எடுத்துவிட்டார்கள். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்பது இன்றைய பெயர். நல்ல பெயர்தான். அடுத்த ஆண்டே இளங்கோ தெருவில் இயந்திரம் நுழைந்தது.

நீதிமன்றமே சொல்லிவிட்டது என்றார் நண்பர். உண்மை, நீதிமன்ற ஆணைப்படியே அது நடந்தது. நீதிமன்றங்கள் வேறு சிலவற்றையும் சொல்லியிருக்கின்றன. 1985 ஜூலையில், பம்பாய் நடைபாதைவாசிகளுக்காக ஓல்கா டெல்லிஸ் என்னும் பத்திரிகையாளர் தொடுத்த வழக்கில், உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, உயிர் வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. பிழைப்பைப் பறித்தால் உயிரைப் பறித்ததாகும் என்பது அதன் சாரம். அந்தத் தீர்ப்பும் இறுதியில் அகற்றுவதற்கு இடம் கொடுத்தது என்பதை மறைக்க மாட்டேன்; ஆனால் மழைக்காலம் முடிய வேண்டும், அக்டோபர் 31க்கு முன் கை வைக்கக் கூடாது என்று நாள் குறித்தது. ஏழையின் தலைமீது மழை பெய்யும் என்பதாவது அந்த நீதிபதிகளுக்கு நினைவிருந்தது.

இளங்கோ தெருவில் எந்தப் பருவம் பார்க்கப்பட்டது? 2022 மே 5ஆம் நாள் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு தொடங்கியது. 6ஆம் நாள் பத்தாம் வகுப்புத் தேர்வு. கொரோனா காரணமாக அந்த ஆண்டு எல்லாம் பிந்தியிருந்தது. சுவர் இடிந்த வீட்டின் எதிரே, சாலையில் கிடந்த பீரோவில் சாய்ந்துகொண்டு பாடம் படித்த பிள்ளைகளைப் பற்றி அந்தத் தாய் சொல்கிறார். நம் வீட்டுப் பிள்ளைக்குத் தேர்வென்றால் தொலைக்காட்சியை மூடுகிறோம், உறவினரை வர வேண்டாம் என்கிறோம், புனித அந்தோணியாருக்கு நேர்ந்துகொள்கிறோம். கண்ணியம் மிக்க அரசு ஒன்று ஒரு மாதம் பொறுத்திருக்க முடியாதா? நூற்றைம்பது ஆண்டுக் கால்வாய் இன்னும் முப்பது நாள் காத்திருந்தால் வற்றியா போயிருக்கும்?

2024 நவம்பர் 13ஆம் நாள், 'புல்டோசர் நீதி'க்கு எதிராக உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை நாம் எல்லாரும் வரவேற்றோம். பதினைந்து நாள் முன்னறிவிப்பின்றி எந்த வீட்டையும் இடிக்கலாகாது என்றது. அதே தீர்ப்பில் ஒரு விலக்கு உள்ளது. அதை வரவேற்றவர்கள் பலர் வாசித்திருக்கமாட்டார்கள். சாலை, தெரு, நடைபாதை, இரயில் பாதையோரம், ஆறு அல்லது நீர்நிலை ஆகியவற்றில் உள்ள கட்டடங்களுக்கும், நீதிமன்றமே இடிக்கச் சொன்னவற்றுக்கும் இந்த நெறிமுறைகள் பொருந்தா. ஏழைகள் வேறு எங்கேதான் இருக்கிறார்கள்?

இனி, "வேறு இடத்தில் வீடு கொடுத்துத்தானே அனுப்புகிறார்கள்" என்னும் வாதத்துக்கு வருகிறேன். இதுவே வலிமையான வாதம். நம் மனச்சான்றை உறங்க வைப்பதும் இதுவே. அரசர்கள் முதல் நூல் இருபத்தொன்றாம் அதிகாரத்தைத் தயவுசெய்து இன்று ஒருமுறை வாசியுங்கள். ஆகாபு அரசன் நாபோத்தின் தோட்டத்தை அபகரித்தான் என்று மறைக்கல்வியில் படித்திருக்கிறோம். அவன் தொடக்கத்தில் என்ன சொன்னான் என்பதை மறந்துவிடுகிறோம். இதைவிடச் சிறந்த திராட்சைத் தோட்டத்தைத் தருகிறேன், வேண்டுமானால் விலையைப் பணமாகத் தருகிறேன் என்றுதான் கேட்டான். மாற்று இடம், அல்லது இழப்பீடு! இன்றைய அரசாணையின் மொழியில் பேசிய முதல் அரசன் அவனே. நியாயமான பேரமாகத் தெரியவில்லையா? நாபோத்து மறுத்தான். மூதாதையரின் உரிமைச் சொத்தை ஆண்டவர் பெயரால் கொடுக்க முடியாது என்றான். அவனுக்கு அந்த நிலம் விலைப்பொருள் அன்று; தன் மக்களோடும் தன் கடவுளோடும் அவனைக் கட்டிவைத்திருந்த வேர்.

பிறகு நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. ஈசபேல் கொள்ளைக்காரர்களை அனுப்பவில்லை. முத்திரையிட்ட மடல் எழுதினாள், ஊர்ப் பெரியோரைக் கூட்டினாள், நோன்பு அறிவித்தாள், சட்டம் கேட்கும் இரண்டு சாட்சிகளை நிறுத்தினாள். ஏடுகளைப் பார்த்தால் எல்லாம் முறைப்படியே நடந்திருக்கும். எலியா வந்து நின்றது அந்த முறைப்படி நடந்த காரியத்தின் முன்னே!

"நாபோத்திடம் பட்டா இருந்தது, சாமி, இவர்களிடம் இல்லையே" என்பார் நண்பர். நல்ல கேள்வி. குருமடத்தில் நாங்கள் படித்த புனித தோமா அக்குவினாரிடம் இதற்கு விடை உண்டு. மண்ணின் பொருள்கள் எல்லாருடைய தேவைக்காகவும் படைக்கப்பட்டவை. தனியுடைமை என்பது அவற்றை ஒழுங்காகப் பயன்படுத்த மனிதர் செய்துகொண்ட ஏற்பாடு. கொடிய தேவை நேரும்போது அந்த ஏற்பாடு தேவைக்கு வழிவிட வேண்டும் என்பது அவர் போதனை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏட்டின் 69ஆம் எண்ணில் இதையே உறுதி செய்தது. இது பொதுவுடைமைக் கட்சியின் கொள்கை என்று எண்ணிவிடாதீர்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டுத் துறவியின் இறையியல். ஒதுங்க இடமின்றிப் பட்டணம் வந்தவன், எவரும் வேண்டாமென்று விட்ட சேற்றுக் கரையை மண்ணடித்து மேடாக்கி, அங்கே பிள்ளை பெற்று, பெற்றோரை அடக்கம் செய்து, அரை நூற்றாண்டு வாழ்ந்திருக்கிறான். வட்டாட்சியர் முத்திரை இல்லை என்பதால் அந்த இடத்தின்மீது அவனுக்கு எந்த உரிமையும் இல்லை என்று ஒரு கத்தோலிக்கர் சொல்லலாகாது.

பெரும்பாக்கத்தில் வீடு இருக்கிறது. அங்கே வேலை எங்கே இருக்கிறது? மந்தைவெளியில் காலை ஐந்தரை மணிக்கு வாசல் தெளிக்கப் போகிறவர் இருபது கிலோமீட்டர் தள்ளியிருந்து எத்தனை மணிக்கு எழ வேண்டும்? பாதி ஊதியம் பேருந்துக்கும் பங்கு ஆட்டோவுக்கும் போகும். ஒரு மாதத்தில் அந்த வீட்டார் பக்கத்திலுள்ள வேறொருவரை அமர்த்திக்கொள்வார்கள். இட்டிலி ஆயாவின் கதை அதைவிடத் தெளிவு. அவரிடம் இட்டிலி வாங்கியவர்கள் அந்தத் தெருவார். தெருவார் பல திசைக்குச் சிதறினால் அவர் யாருக்கு விற்பார்? அவருக்கு மாற்று வீடு தரலாம், மாற்றுத் தெரு எவராலும் தர முடியாது. கைக்குழந்தையை அண்டை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போவதும், மளிகைக் கடையில் கடன் சொல்வதும், நள்ளிரவில் வலி கண்ட பெண்ணை எதிர்வீட்டு முஸ்லிம் ஆட்டோக்காரர் கோஷா மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பதும், அவர் வாடகை வாங்க மறுப்பதும், பெயர்சூட்டலுக்கு அவரையே முதலில் அழைப்பதும் தெரு இருந்ததால் நடந்தவை. நாம் அன்பியம் என்று பெயர் வைத்து, பயிற்சி முகாம் நடத்தி, பொறுப்பாளர் நியமித்து, மாதந்தோறும் அறிக்கை எழுதியும் நம் பங்கில் வேர்பிடிக்காத ஒன்று அங்கே பெயரின்றி இருந்தது. அதை நாற்பத்தெட்டு மணி நேரத்தில் கலைத்துவிட முடியும்.

தெருவின் பெயரையும் எண்ணிப் பார்க்கிறேன். இளங்கோ என்றால் நமக்குச் சிலப்பதிகாரம் நினைவுக்கு வரும். கண்ணகி நகர் என்றாலும் அதுவே. முறையாக விசாரிக்காத அரசனிடம் நியாயம் கேட்டவளின் பெயரை, விசாரிக்காமல் அகற்றப்பட்டோர் குடியிருப்புக்குச் சூட்டியவர் யாரோ! தெரியாமல் செய்தாரா, தெரிந்தே செய்தாரா?

2022 மே 8, ஞாயிறு. பாஸ்கா காலத்தின் நான்காம் ஞாயிறு, நல்லாயன் ஞாயிறு. என் ஆடுகளை என் கையிலிருந்து எவரும் பறித்துக்கொள்ள முடியாது என்று ஆண்டவர் சொன்ன பகுதியே அன்றைய நற்செய்தி. இறையழைத்தலுக்காகச் சிறப்பாகச் செபித்தோம். குருமடத்துக்குக் காணிக்கை எடுத்தோம். அதே நாளில் இளங்கோ தெருவாசி ஒருவர், அறுபது வயதினர், இயந்திரங்களின் முன்னே தம்மீது தீ வைத்துக்கொண்டார். மறுநாள் இறந்தார். உயிரைத் தாமே மாய்த்துக்கொள்வதைத் திருச்சபை ஏற்பதில்லை; எவரும் அந்த வழியை நாடலாகாது; நான் அதைப் போற்றி எழுதவில்லை. கொடிய வேதனையும் அச்சமும் ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்று 1992ஆம் ஆண்டு மறைக்கல்வி ஏடு சொல்வதை மட்டும் நினைவூட்டுகிறேன். குறைந்த அந்தப் பொறுப்பு எவர் தோளுக்கு மாறுகிறது என்று அந்த ஏடு சொல்லவில்லை. நாமே எண்ணிப் பார்க்க வேண்டியது. மறுநாள் சட்டமன்றத்தில் முதலமைச்சர் வருத்தம் தெரிவித்தார். குடும்பத்துக்குப் பத்து இலட்சம் ரூபாயும் வீடும் அறிவித்தார். அகற்றப்படுவோருக்கு மந்தைவெளி, மயிலாப்பூர்ப் பகுதியிலேயே வீடு ஒதுக்கப்படும் என்றும், இனி மக்களைக் கலந்து பேசிய பிறகே இத்தகைய பணி நடக்கும் என்றும் சொன்னார். அருகிலேயே இடம் தர முடியும் என்பது மே 9ஆம் நாள் தெரிந்திருக்கிறது. ஏப்ரலில் தெரியாமல் போனது எப்படி?

அன்று மாலை நான் என்ன செய்தேன் என்று எண்ணிப் பார்க்கிறேன். செய்தித்தாளைத் திங்களன்று வாசித்தேன். அடுத்த ஞாயிறு மறையுரையில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நம் பங்கு மகள் ஒருவர் அந்தத் தெருவில் நாற்பது ஆண்டுக்கு மேல் இருந்தார் என்பதே அவர் திரும்பி வந்த பின்புதான் எனக்குத் தெரியும். ஞானஸ்நானப் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறது. பட்டணம் போனவர்களின் பதிவேடு நம்மிடம் இல்லை.

அரசை மட்டும் குறைசொல்லி நான் ஒதுங்கிக்கொள்ள முடியாது. உரோமைக்குத் திருப்பயணம் போய்வந்தவர்கள் நம் பங்கிலும் உண்டு. புனித பேதுரு பேராலயத்துக்கு நேராகச் செல்லும் அகன்ற சாலையில் நின்று எடுத்த படம் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அந்தச் சாலை ஆதியிலிருந்தே இருந்ததன்று. அங்கே போர்கோ என்னும் பழைய குடியிருப்பின் நடுவரிசைத் தெருக்கள் இருந்தன. 1936இல் முசோலினியின் ஆட்சி அவற்றை இடிக்கத் தொடங்கியது. அங்கிருந்தவர்கள் நகரின் எல்லைப்புறத்துக்கு அனுப்பப்பட்டார்கள். 1950ஆம் ஆண்டு யூபிலிக்குச் சாலை முடிந்தது. அதன் பெயர் 'ஒப்புரவுச் சாலை'! திருச்சபைக்கும் இத்தாலிய அரசுக்கும் 1929இல் ஏற்பட்ட ஒப்புரவின் நினைவாம். இடம்பெயர்ந்தவரோடு ஒப்புரவு செய்தவர் யாரென்று நான் எங்கும் வாசிக்கவில்லை. படம் எடுத்துக்கொள்வதில் தவறில்லை; இனி அதைப் பார்க்கும்போது அங்கே முன்பு அடுப்பெரிந்த வீடுகளையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய 'இறைவா, உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலின் 152ஆம் எண் இதைப் பற்றியே பேசுகிறது. ஏழைகளை இடம்பெயர்க்கத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், துன்பத்தின்மேல் துன்பம் சேராதபடி முன்கூட்டியே போதிய தகவல் தரவேண்டும். தகுதியான வீடுகளில் தெரிவு செய்துகொள்ள வாய்ப்பு வேண்டும். சம்பந்தப்பட்ட மக்களே அந்த முடிவில் பங்கேற்க வேண்டும் என்கிறார். இம்மூன்றும் சட்டமன்றத்தில் பின்னர் வந்த வாக்குறுதிக்கு நெருக்கமானவையே. அந்த மடல் வந்து ஏழு ஆண்டு கழித்து நடந்தது இளங்கோ தெரு.

ஏலாக்குறிச்சி அடைக்கல மாதாவின் நிழலில் வளர்ந்தவர்கள் நாம். வீரமாமுனிவர் அந்த ஊரைத் திருக்காவலூர் என்றார். அடைக்கலமும் காவலும் நம் மண்ணின் பெயர்களிலேயே இருக்கின்றன. ஆண்டுதோறும் தேர் இழுக்கிறோம். நிலமிழப்பது என்ன என்பதும் நமக்குப் புதிதன்று. ஜெயங்கொண்டம் பழுப்பு நிலக்கரித் திட்டத்துக்காக 1990களில் நிலம் எடுக்கப்பட்டு, திட்டமும் வராமல் நிலமும் கையில் இல்லாமல் கால் நூற்றாண்டு வழக்காடிய உழவர்கள் நம் அண்டை ஊரார். அவர்களை எவரும் பேராசைக்காரர் என்று சொன்னால் நமக்குச் சினம் வரும். பட்டணத்துக் கரையில் இருந்தவர்களும் இதே ஊர்களிலிருந்து போனவர்கள்தாம்.

சென்ற கல்லறைத் திருநாளுக்கு முன் அந்தத் தாய் திருப்பலிக் கருத்து எழுத வந்தார். "எங்க தெருவுக்காக" என்றார். உபதேசியார் நோட்டைப் பிரித்து, உயிரோடிருப்போருக்கா, இறந்தோருக்கா, எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று கேட்டார். தாய் விழித்தார். இஸ்திரிக்காரர் எங்கேயென்று அவருக்குத் தெரியாது. இட்டிலி ஆயா இருக்கிறாரா என்றும் தெரியாது. மூன்று பெண்களையும் படிக்க வைத்தவரின் மகள்களுள் ஒருத்தி செவிலியாகி இருக்கிறாளாம், எந்த ஊரென்று தெரியாது. கடைசியில் உபதேசியார் இரண்டு பக்கத்திலும் எழுதிவிட்டு ஒரு காணிக்கை மட்டும் வாங்கிக்கொண்டார். அதற்காக அவரை நான் கடிந்துகொள்ளவில்லை.

நண்பருக்கு இன்னும் ஒன்று. அடுத்த மாதப் பேரவைக் கூட்டத்தில் இதைக் கொண்டு வருகிறேன். நீங்கள் எதிர்த்துப் பேசலாம், பேச வேண்டும். ஆனால் அதற்கு முன் ஒரு வேலை. சென்னை, திருப்பூர், கோவை ஆகிய ஊர்களில் கால்வாய், ஆறு, இரயில் பாதை ஓரமாகக் குடியிருக்கும் நம் பங்கு மக்கள் யார் யார் என்று ஒவ்வோர் அன்பியத்திலும் கேட்டு எழுதுங்கள். பெயர், தெரு, எந்த ஆண்டு முதல், சொந்தமாய்ப் போட்ட வீடா வாடகையா, பிள்ளைகள் எந்த வகுப்பு, என்னென்ன அட்டைகள் கையில் உள்ளன. அட்டைகளின் படிகளைப் பங்கு அலுவலகத்தில் ஒரு கோப்பில் வைப்போம். வெள்ளத்திலோ இடிபாட்டிலோ அவை தொலைந்தால் இங்கே இருக்கும். அலுவலக வேலையில் முப்பது ஆண்டு பழகியவர் நீங்கள். கோப்பு போடுவது உங்களுக்குக் கைவந்த கலை. முதல் தாளில் எழுத வேண்டிய தெருவை, வேப்பமரத்தடியில் கேட்டால் வீடு வீடாகச் சொல்லுவார்கள். குறுக்கிடாமல் மட்டும் கேளுங்கள்.